பொன் கூஜோன் சபை

ஆகஸ்டு மாதம், ஆறு முழங்காலுக்கு இறங்கிக் கிடக்கும் நாளில், ஒரு மீன்காரன் தோணியைக் கரையில் கவிழ்த்துப் போட்டுப் பச்சைச் சாயம் பூசிக்கொண்டிருந்தால், அவனுக்கு ஒன்று காய்ச்சல் கண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கௌரவம் கண்டிருக்க வேண்டும். மோரீலுக்குக் கண்டிருந்தது இரண்டாவது. காய்ச்சலாக இருந்தால் அவன் பெண்டாட்டி அர்மெல் கஷாயம் போட்டுக் கொடுத்துக் கிடத்தியிருப்பாள்.

"இன்னொரு பூச்சா?" என்று கேட்டாள்.

"வெயில்ல மினுங்கணும்னு சபைத் தலைவர் கோத்ரோ சொன்னாரு."

"மினுங்கட்டும். பலகையெல்லாம் காய்ஞ்சு வாயைப் பொளந்துகிட்டுக் கெடக்கு. தண்ணி காட்டி எத்தனை வாரமாச்சு?"

"சாயம் உள்ள இறங்கி அடைச்சுக்கும்."

"உங்கப்பன் தோணிக்குத் தார் காச்சுனாரா, சாயம் காச்சுனாரா?"

மோரீல் நாக்கைக் கடித்துக்கொண்டு, தோணியின் மூக்கில் மஞ்சள் மீன் ஒன்று வரைந்துகொண்டிருந்தான். அது கூஜோனாம். லுவார் ஆற்றின் கூஜோன் விரல் நீளம், மணல் நிறம், வாயோரம் இரண்டு மீசை. மோரீல் வரைந்தது பன்றிக்குட்டி மாதிரி இருந்தது. அதற்குக் கிரீடம் வேறு.

லெ-க்ரேவ் ஊரில் பொன் கூஜோன் சபை என்று ஒன்று இருந்தது. மத்திய காலத்திலிருந்து வருகிற சபை என்று அதன் விருந்துச் சீட்டில் அச்சடித்திருக்கும். உண்மையில் அது கோத்ரோவின் மச்சானுடைய ஓட்டலில், போன தேர்தலுக்கு முந்திய குளிர்காலத்தில், மூன்றாவது பாட்டில் திறந்த பிறகு பிறந்தது. சபையாருக்கு வெல்வெட் அங்கி உண்டு. பக்கத்து டவுனில் மூடிப்போன சினிமாக் கொட்டகையின் திரைச்சீலையைக் கிழித்துத் தைத்தது. முக்கோணத் தொப்பி உண்டு. கழுத்தில் சங்கிலி, சங்கிலியில் பித்தளை மீன். மருந்துக்கடைக்காரர், நோட்டரி, பல் வைத்தியர், காப்பீட்டு ஏஜெண்டு என்று பெரிய மனிதர் எல்லாரும் அதில் இருந்தார்கள். கூஜோனை உயிரோடு பார்த்தவர் ஒருவர்கூட இல்லை என்று ஊரில் ஒரு சிரிப்புக் கிளம்பியதால், இந்த வருஷம் ஒரு நிஜ மீன்காரனைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மோரீல்தான் அந்த மீன்காரன்.

சபையின் மாபெரும் தலைவர் கோத்ரோவுக்குத் தொழில், ஆற்றைத் தோண்டுவது. மிதக்கும் எந்திரம் ஒன்று வைத்திருந்தார். அது இரும்பு வாளிகளை இறக்கி, ஆற்றின் அடியிலிருக்கும் மணலையும் சரளையையும் அள்ளி அள்ளி லாரியில் கொட்டும். ரோடாகும், வீடாகும், சூப்பர் மார்க்கெட்டாகும். கூஜோன் முட்டையிடுவதும் மேய்வதும் அந்தச் சரளையில்தான். எந்திரம் போன இடத்தில் வழுவழுவென்று களிமண் தெரியும். அதில் ஒரு மீசைகூட அசையாது. ஆற்றின் மேல்புறத்துத் திட்டுகளை எல்லாம் அது தின்று முடித்திருந்தது. கூஜோனின் புகழைப் பாடச் சபை வைத்த ஆளும், கூஜோனின் வீட்டை அள்ளி விற்கிற ஆளும் ஒரே ஆள் என்பதில் யாருக்கும் ஒரு வினோதமும் தெரியவில்லை. அர்மெலுக்கு மட்டும் தெரிந்தது. அவள் அதைச் சொன்னபோதெல்லாம் மோரீல், "பெரிய மனுசங்க விஷயம்," என்றான்.

மீதி இருந்தது கன்னியர் திட்டு. பாலத்துக்குக் கீழே, ஆற்றின் நடுவில், நீளமாக மல்லாந்து கிடக்கும் சரளைத் திட்டு. பழைய காலத்தில் மடத்துப் பெண்கள் துணி துவைத்த இடமாம். மோரீலும் அர்மெலும் சாப்பிட்டது அந்தத் திட்டில்தான். அவர்கள் வீட்டு ஜன்னலே கடை. காகிதக் கூம்பில் பொரித்த பொடிமீன், ஒரு துண்டு எலுமிச்சை. சனி ஞாயிறுகளில் டவுனிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள்.

தோணி சாயம் காய்ந்துகொண்டிருந்ததால் அர்மெல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கால்நடையாகவே ஆற்றில் இறங்கினாள். திட்டின் இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர். அந்தப் பக்கம் போன வருஷம் எந்திரம் ஓரத்தில் கடித்துவிட்டுப் போன குழி. மாதா கோயில் கோபுரத்தை நிறுத்தினாலும் முழுகும். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆற்றங்கரைப் பெண்கள் பாதிப்பேருக்குத் தெரியாது.

முதலில் நேற்று வைத்த கண்ணாடிப் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பாகம் உள்ளே குழிந்து ஓட்டை விழுந்த போத்தல், உள்ளே தவிடு. வரத் தெரிந்து போகத் தெரியாத சின்ன மீன்கள் பத்திருபது முட்டி மோதிக்கொண்டிருந்தன. வாளியில் கவிழ்த்துவிட்டுப் போத்தலை மறுபடி கல் இடுக்கில் வைத்தாள். வெள்ளிப் பொடிமீனுக்கு இது உதவாது. அது மேல்தண்ணீரில் திரிகிற சாதி. சாயங்காலம் பாலத்தடியில் சதுரத் தூக்குவலையைத் தாழ்த்தி வைத்து, கூட்டம் மேலே வந்ததும் ஒரே தூக்காகத் தூக்க வேண்டும். கூஜோனுக்கோ வாரி வேண்டும். நீளக் கழியில் இரும்புப் பல் வைத்த வாரியால் அவள் சரளையை இழுத்துப் பிராண்டினாள். கற்கள் கரகரவென்று புரண்டன. கலங்கல் ஒரு புகை மாதிரி எழுந்து கீழ்நோக்கிப் போயிற்று. அதில் புழுவும் பூச்சியும் இருக்கும் என்று கூஜோனுக்குத் தெரியும். சத்தம் கேட்டு ஓடுகிற மீன் அல்ல அது. சத்தம் கேட்டு வருகிற மீன். கீழே வலையோடு நின்றால் போதும்.

அப்போதுதான் எந்திரம் ஓட்டுகிற ரெஜி சின்ன மோட்டார்ப் படகில் வந்து, திட்டின் மூலையில் சிவப்புத் துணி கட்டிய கழி ஒன்றை அடித்து நட்டான்.

"என்னடா நடுற? கொடிமரமா?"

"அடையாளம்க்கா. ஞாயித்துக்கிழமை இங்கதான் வரோம்."

"எங்க?"

"இங்கதான், கன்னியர் திட்டுக்கு. எந்திரத்துக்குக் கொடியெல்லாம் கட்டி, மேல பேண்டு வாத்தியம் வெச்சு, ஊர்வலத்தோட கொண்டாந்து நிறுத்தறோம். மறுநாள்லேர்ந்து வேலை." அவள் முகத்தைப் பார்த்து அவன் சுத்தியலைத் தாழ்த்தினான். "அண்ணன்தான் சரின்னுட்டாரே. உங்ககிட்டச் சொல்லலையா?"

அர்மெல் வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள். வாளியில் கூஜோன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

லுவார் அரசாங்கத்து ஆறு. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மீன்காரர்களுக்கு விட்டிருந்தார்கள். பாலத்துக்குக் கீழ்த் துண்டு மோரீல் பேரில். துண்டுக்காரன் தோணியில் நின்று தொழில் செய்துகொண்டிருக்கும் இடத்தில் எவனும் வாளி இறக்கக் கூடாது என்பது சட்டம். துண்டுக்காரனின் பெண்டாட்டி நின்றால் செல்லாது. பாதி மீனைப் பிடிக்கிறவள் அவள்தான் என்பது சட்டத்தின் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

மோரீல் சாப்பாட்டு மேசையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, சபையின் உறுதிமொழியை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"திட்டைக் குடுத்துட்டியா?"

"யாரு குடுத்தா? நான் கையெழுத்தா போட்டேன்?"

"பின்ன?"

"ஞாயித்துக்கிழமையும் அப்பறம் கொஞ்ச நாளும் நீ அங்க தோணி விடாம இருந்தாப் போதும்னாரு. ஞாயித்துக்கிழமை எனக்குப் பட்டம் கட்டறாங்க. நான் எங்க தோணி விடப்போறேன்? சரின்னேன். இதுல என்ன இருக்கு?"

"திட்டு இருக்கு, மனுசா! அதுல மீன் இருக்கு. மீனுல நம்ம சோறு இருக்கு."

"ஒரு ஓரமாத்தான் எடுப்பாராம்."

"மேல்திட்டுலயும் ஓரமாத்தான் எடுத்தான். ஓரத்துக்கு ஓரம் எடுத்து இப்ப நடுவே இல்ல."

மோரீல் கத்தியைக் கீழே வைத்தான். "நீ ஒண்ணு புரிஞ்சுக்க. முப்பது வருசமா தண்ணில நிக்கறேன். இந்த ஊர்ல என்னைப் பார்த்தா, 'மோரீல், மீன் இருக்கா?'ன்னு கேப்பானுங்க. நல்லாருக்கியான்னு ஒருத்தன் கேட்டதில்ல. நோட்டரி போன வாரம் எனக்குக் கை குடுத்தாரு. அப்பறம் கையை மோந்துகூடப் பாக்கல."

அர்மெலுக்கு ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

"நோட்டரி கை குடுத்தாரு. நீ ஆத்தைக் குடுத்துட்ட. நல்ல வியாபாரம்."

"இப்ப வாக்கு மாறினா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"எங்க வெச்சிருந்தியோ அங்கயே வெச்சுக்க. தோணிக்குப் பின்னாடி. அங்க நல்லாத்தான் இருந்துச்சு." அவள் வாளியை மேசைமேல் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை தட்டுல ஒரு மீன் வெப்பாங்க இல்ல? அதைத் தின்னுட்டு, லுவார் மீனுன்னு சத்தியம் பண்ணணும் இல்ல? ஒண்ணே ஒண்ணு சொல்றேன். வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அந்த மீனோட மூஞ்சியப் பாரு."

ஞாயிறு வந்தது. அர்மெல் ஓட்டல் சமையலறையில் பொரிக்க ஒப்புக்கொண்டிருந்தாள்; சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். கோத்ரோவின் தங்கை ஜினெத் அட்டைப் பெட்டிகளைத் தூக்கிவந்து வைத்தாள். பெட்டி மேல் கப்பல் படம். உள்ளே பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டு, வெளுத்துப்போய், கண்ணாடி மாதிரி மீன்கள். மீசை இல்லை. வாயைப் பிளந்து பார்த்தால் ஊசி ஊசியாகப் பல். பனி இளக இளக, சமையலறை முழுக்க வெள்ளரிக்காய் வாசனை.

"இது என்ன ஜினெத்?"

"மீன்."

"எந்த ஆத்து மீனு?"

"அட்லாண்டிக் தாண்டி எங்கயோ ஏரியாம். எனக்கென்னம்மா தெரியும்? லாரில வந்துச்சு."

"பலகைல 'இன்று காலை லுவாரில் மோரீல் பிடித்தது'ன்னு எழுதியிருக்கு."

"இவ்ளோ பேருக்குக் கூஜோனுக்கு எங்க போறது? ஆத்துலதான் இப்பல்லாம் கிடைக்க மாட்டேங்குதே, ஏன்னு தெரியல." ஜினெத் நிஜமாகவே கவலைப்பட்டாள். "மாவுல பொரட்டி எலுமிச்சம்பழம் பிழிஞ்சுட்டா எல்லாம் ஒரே சாதிதான். நீ பொரி."

அர்மெல் பொரித்தாள். முதல் தட்டு மேடைக்குப் போயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பெரிய நிழல் மரங்களுக்கு அடியில் மேடை. சபையார் சினிமாத் திரைச்சீலைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். பல் வைத்தியரின் முதுகில், 'அவசர வழி' என்று பழைய தையல் எழுத்து இன்னும் லேசாகத் தெரிந்தது. கோத்ரோ பேசினார். லுவார் நம் தாய் என்றார். அவள் மடியில் கை வைக்கிறவன் நம் எதிரி என்றார். கைதட்டினார்கள். பேசுகிறவரின் எந்திரம் அந்தத் தாயின் மடியில் கொடி கட்டிக்கொண்டு பாலத்துக்கு மேல்புறம் காத்திருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் கைதட்டினார்கள் போலிருந்தது.

மோரீல் புது அங்கியில் மண்டி போட்டிருந்தான். தட்டை நீட்டினார்கள். வழக்கப்படி ஒரு மீனை எடுத்து, தலையோடு வாயில் போட்டு மென்றான். மெல்லும்போதே தாடை நின்றது. அர்மெலுக்கு அங்கிருந்தே தெரிந்தது. வெள்ளரிக்காய்.

அவன் தலையைத் திருப்பிச் சமையலறை ஜன்னலைப் பார்த்தான். அவள் பொரிக்காத மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். பல் தெரிய.

"வீரர் மோரீல்," என்றார் கோத்ரோ கம்பீரமாக, "இது யாருடைய பிள்ளை?"

மருந்துக்கடைக்காரர் இருமினார். நோட்டரி சிரித்தபடி மோரீலையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்பாக.

"லுவாரின் பிள்ளை," என்றான் மோரீல்.

பேண்டு முழங்கியது. வெள்ளி முலாம் பூசிய நீள ஜல்லிக்கரண்டியால் கோத்ரோ அவன் இரண்டு தோளிலும் தட்டி, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, தொப்பியை வைத்தார்.

அர்மெல் அடுப்பை அணைத்தாள்.

"ஏய், முக்காவாசிப் பேருக்கு இன்னும் பொரிக்கலையே!" என்றாள் ஜினெத்.

"எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு பச்சையாக் குடு. மத்திய காலத்துல அப்பிடித்தான் தின்னாங்கன்னு உங்கண்ணன சொல்லச் சொல்லு."

தோணியைக் காலையில்தான் தண்ணீரில் இறக்கி, ரிப்பன் கட்டி, படித்துறையில் அழகுக்கு நிறுத்தியிருந்தார்கள். அர்மெல் ரிப்பனைப் பிய்த்து எறிந்தாள். வாரியையும் நங்கூரத்தையும் உள்ளே போட்டாள். கழியை ஊன்றித் தள்ளினாள். பச்சைத் தோணி நன்றாகத்தான் மினுங்கியது. பாதி வழி போவதற்குள் அவள் பாதம் நனைந்தது. கன்னியர் திட்டின் ஆழப்பக்கத்து விளிம்பில், எந்திரம் வந்து ஒட்ட வேண்டிய இடத்தில், நங்கூரத்தை இறக்கியபோது தண்ணீர் கணுக்காலில் இருந்தது. காய்ந்த சாயம் பலகை இடுக்குகளிலிருந்து தோல் மாதிரி உரிந்து மிதந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வாரியைச் சரளையில் இறக்கி இழுத்தாள்.

பாலத்துக்கு மேல்புறமிருந்து எந்திரம் வந்தது. கொடிகள், காகிதப் பூ, மேல்தட்டில் ஊதுகுழல்காரர்கள். கரையில் ஊர்வலம் வந்து சேர்ந்தது. ரெஜி தோணியைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். இசை ஒவ்வொரு கருவியாக நின்றது. பெரிய மேளம் மட்டும் விஷயம் புரியாமல் இரண்டு தட்டு அதிகம் தட்டியது.

"மதாம் அர்மெல்!" கோத்ரோ கைகளைக் குவித்துக் கத்தினார். "நாடகம் நல்லாருக்கு. விருந்தாளிங்க பாத்துட்டாங்க. தோணிய எடுங்க!"

"தொழில் நடக்குது மிசியே. வாளி எறக்கக் கூடாது!"

"யாரு தொழில்? உங்க பேர்லயா இருக்கு துண்டு? துண்டுக்காரன் இதோ என் பக்கத்துல நிக்கறான். வீரர் மோரீல், உங்க சம்சாரத்துக்குச் சட்டத்தைச் சொல்லுங்க."

எல்லாரும் மோரீலைப் பார்த்தார்கள். அவன் சட்டத்தைப் பார்க்கவில்லை. தோணியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் மீனின் கிரீடம் காலையில் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் இருந்தது. இப்போது தண்ணீர் கிரீடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எந்தெந்தப் பலகை விட்டிருக்கிறது என்று உலகத்தில் தெரிந்தவன் அவன் ஒருத்தன். நடுவில் ஒரு இடுக்கில் விரலே போகும். அதன் மேல்தான் மூன்று பூச்சு.

"அர்மெல்!" என்றான். "இங்கிட்டுத் தள்ளு! குழிப்பக்கம் நிக்காத! அது தாங்காது!"

"எது தாங்காது?"

"தோணி!"

"உனக்குத் தெரியுமா அது?"

"தெரியும்," என்றான் மோரீல்.

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. "தெரிஞ்சேதான் சாயம் அடிச்சியா?" என்றாள் அர்மெல். "வெள்ளரிக்கா வாசனையும் தெரிஞ்சுதான தின்ன? தெரியாதவனா இருந்தா மன்னிச்சுத் தொலைச்சிருப்பேன், மனுசா. நீ எல்லாம் தெரிஞ்சவன்!"

அவள் மறுபடி வாரியை இழுத்தாள். தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மோரீல் ஆற்றில் இறங்கினான். வெல்வெட் முதலில் குடை மாதிரி விரிந்து மிதந்தது. பிறகு தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்து அவனைப் பின்னால் இழுத்து ஒருதரம் மண்டிபோட வைத்தது. சங்கிலியில் பித்தளைக் கூஜோன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீரைப் பார்த்தது. "அங்கி! அங்கி!" என்று பல் வைத்தியர் அலறினார். மோரீல் திட்டில் தடுமாறி நடந்து, தோணி விளிம்பைப் பிடித்து, ஈரமூட்டையாக உள்ளே விழுந்தான்.

அர்மெல் கை கொடுக்கவில்லை.

"எந்த இடுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் மண்டி போட்டுத் தண்ணீருக்கடியில் தடவிக் காட்டினான். அவள் அவன் கழுத்துக் கொக்கியைப் பிடுங்கி அங்கியை உருவினாள். இடுப்புக் கத்தியால் கீறி, நீளநீளமாகக் கிழித்து, முறுக்கி, வாரியின் கழி முனையால் இடுக்குக்குள் குத்திக் குத்தித் திணித்தாள். தார் போட்டு அடைத்த கலப்பத்து அளவுக்கு இல்லை. ஆனாலும் சினிமாக் கொட்டகைக்காரன் நல்ல துணியாகத்தான் வாங்கியிருந்தான்.

"அது சபையோட சொத்து!" என்று கோத்ரோ கத்தினார்.

"வந்து எடுத்துக்குங்க!" என்றாள் அர்மெல்.

"மோரீல், தம்பி, நீ வாக்குக் குடுத்திருக்க! எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணியிருக்க!"

மோரீல் தோணியில் எழுந்து நின்றான். தலையில் தொப்பி மட்டும் மிச்சம். கரையில் நோட்டரி நின்றார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. மோரீல் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் பெண்டாட்டி கையிலிருந்து வாரியை வாங்கி, சரளையில் இறக்கினான்.

"அது லுவார் மீன் இல்ல மிசியே," என்றான். பெரிதாகச் சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னான். "லுவார் மீனு இங்க இருக்கு. நான் தொழில் பண்ணிட்டிருக்கேன். எந்திரத்தத் தள்ளச் சொல்லுங்க."

ரெஜி கரையைப் பார்த்தான், தோணியைப் பார்த்தான், எந்திரத்தை நிறுத்தினான். அது நின்றதும் ஆற்றில் ஒரு சத்தம்தான் பாக்கி இருந்தது. சரளையில் இரும்புப் பல் இழுபடுகிற கரகரப்பு. கலங்கல் எழுந்து கீழே போயிற்று. முதலில் ஒன்று வந்தது. பிறகு ஐந்தாறு, மீசையைத் தரையில் தேய்த்துக்கொண்டு.

விருந்தாளிகள் பசியோடு கலைய ஆரம்பித்தார்கள். கோத்ரோ மட்டும் நின்றார். "எத்தனை நாளைக்கு நிப்பீங்க?" என்றார்.

அர்மெல் நங்கூரக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினாள்.

"அர்மெல்," என்றான் மோரீல் மெதுவாக, "நான் பண்ணது..."

"பேசாத. தண்ணி ஏறுது. இறை."

"எதால? இறைகுடுவை வீட்ல இருக்கு."

அவள் அவன் தலையைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான். முக்கோணத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மொண்டு ஊற்றினான். மறுபடி மொண்டான்.

"நாளைக்கும் வரணுமா?"

"நாளைக்கும். நாளன்னைக்கும். அந்த எந்திரம் துருப்பிடிச்சு நொறுங்கற வரைக்கும். ராத்திரிக்கு நீ இங்கயே படு."

அவன் கொஞ்ச நேரம் இறைத்தான்.

"தொப்பி நல்லாத் தண்ணி புடிக்குது," என்றான், சமாதானமாக.

"அதுக்கு ஒரு வேலையாவது தெரிஞ்சிருக்கே," என்றாள் அவள், வலையை விரித்தபடி. "நீ நிறுத்தாத."